ஐந்து மாதத்துச் சொந்த ஊர்

கல்யாண வீட்டில் டாக்டரைக் கண்டால் நாடியை நீட்டுகிறவர்கள், மொழிபெயர்ப்பாளரைக் கண்டால் காகிதத்தை நீட்டுவார்கள். வங்கி நோட்டீஸ், பாஸ்போர்ட் விண்ணப்பம், அமெரிக்க மருமகளின் ஈமெயில் என்று எனக்கு எல்லாம் வந்திருக்கிறது. போன மாதம் வந்தது ஒன்பது பக்கத்தில் ஒரு பிரிவுக் கடிதம்.

எழுதியவள் என் தோழியின் மகள். புனேயில் பி.ஏ. வரலாறு, இறுதியாண்டு. சென்ற செப்டம்பரில் இத்தாலியின் போலோனியா பல்கலைக்கழகத்துக்கு ஒரு செமஸ்டர் படிக்கப் போனவள், பிப்ரவரியில் திரும்பினாள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் திட்டம் 2015 முதல் நம்மைப் போன்ற வெளியாட்களுக்கும் கதவைத் திறந்திருக்கிறது. இங்குள்ள கல்வி நிறுவனமும் அங்குள்ளதும் ஒப்பந்தம் செய்துகொண்டால், மாணவர் ஒரு பருவம் அங்கே படித்துவிட்டு வரலாம். உதவித்தொகையும் உண்டு. கடிதம் அம்மாவுக்கோ சிநேகிதிக்கோ எழுதப்பட்டதல்ல, போலோனியாவுக்கு. ஊரையே விளித்து எழுதிய கடிதம், ஆங்கிலத்தில். மும்பை மாதுங்காவில் இருக்கும் பாட்டிக்குத் தமிழ் மட்டுமே படிக்க வரும். பேத்தி ஒன்பது பக்கம் எழுதி ஏங்கும் அளவுக்கு அந்த ஊரில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இந்த வகைக் கடிதங்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. ஃபிளாரன்ஸ், ரோம், சியெனா என்று இத்தாலிக்குச் சில மாதம் படிக்க வந்து போகும் அமெரிக்க, ஐரோப்பிய மாணவர்கள் எழுதி எழுதித் தேய்ந்த வாய்ப்பாடு. வந்த அன்று பெட்டி தொலையும். மொழி தெரியாமல் கடையில் ஒன்றைக் கேட்டு இன்னொன்றை வாங்குவார்கள். நடுவில் ஐஸ்கிரீம். கடைசியில் ரயில் நிலையம், கண்ணீர். இவள் கடிதத்திலும் இவை அத்தனையும் இருக்கின்றன. ஆனாலும் ஒன்பது பக்கத்தைத் தமிழாக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது.

முதல் சொல்லே தகராறு. ஆங்கிலக் கடிதத்தை அவள் 'அரிவெதெர்ச்சி' என்று இத்தாலிய மொழியில் தொடங்குகிறாள். மறுபடி பார்க்கும்வரை என்று அர்த்தம். ஒரேயடியாகப் பிரிகிறவர்கள் 'அத்தியோ' என்பார்கள். கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு நகர்வது. உலகமே இன்று சொல்லும் 'சாவ்', வெனிஸ் பக்கத்துப் பேச்சில் 'உங்கள் அடிமை' என்று பொருள்பட்ட சொல் தேய்ந்து உருவானது. நம் வைணவர்களின் 'அடியேன்' அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். சந்திக்கும்போதும் அதுவே, பிரியும்போதும் அதுவே. அதை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டால் பாட்டி கலவரப்படுவார் என்பதால் கடிதத்தில் அது வந்த இடங்களிலெல்லாம் 'அடியேன்' என்றே எழுதிவிட்டேன்.

'அரிவெதெர்ச்சி'க்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: போய் வருகிறேன். நம் வீடுகளில் 'போகிறேன்' என்று சொல்லிக்கொண்டு யாரும் செருப்பு மாட்ட முடியாது. எழுதிவிட்டுப் பார்த்தால் உறுத்தியது. விசா முடிந்து, அறையைக் காலி செய்து, சாவியைக் கொடுத்துவிட்டு வந்த பெண் எந்த தைரியத்தில் 'வருகிறேன்' என்பது? அவள் அங்கே மறுபடி போவாள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் நாமும் திரும்பிவரும் உத்தேசம் இருப்பதால் மட்டுமா அதைச் சொல்கிறோம்? சொல்லை மாற்றவில்லை.

அடுத்த சிக்கல் போர்ட்டிகோ. போலோனியாவின் தெருக்களில் வீட்டுக்கு வீடு முன்புறம் தூண்களோடு கூரை வேய்ந்த நடைபாதை. ஒரு வீட்டின் கூரை முடிகிற இடத்தில் அடுத்த வீட்டின் கூரை தொடங்கும். ஊர் முழுவதிலும் சேர்த்து 62 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. தாழ்வாரம் என்று எழுதினால் வீட்டுக்குள் போய்விடுகிறது. திண்ணை என்றால் உட்கார்ந்துவிடுகிறது. நம் அக்கிரகாரத்து வீடுகளில் படிக்கும் திண்ணைக்கும் நடுவே ஒரு குறுகிய நடை இருக்குமே, அதற்கு ஆளோடி என்று பெயர். பாட்டி தலைமுறைக்குத் தெரிந்த சொல். போலோனியா 62 கிலோமீட்டர் ஆளோடி கொண்ட ஊர்.

இதன் பின்னணியை அவள் வகுப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். இடைக்காலத்தில் படிக்கவும் பிழைக்கவும் வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்தார்கள். மதில் சூழ்ந்த ஊரில் இடமில்லை. வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் நீட்டி அறை போட்டார்கள். நீட்டியது விழாமலிருக்கக் கீழே மரத்தூண் கொடுத்தார்கள். மற்ற ஊர்களாக இருந்தால் ஆக்கிரமிப்பு என்று நகராட்சி இடித்திருக்கும். போலோனியா 1288இல் நேரெதிராக ஒரு சட்டம் போட்டது. இனி கட்டுகிறவர்கள் ஆளோடியோடுதான் கட்ட வேண்டும். குதிரையில் வருபவன் தலை இடிக்காத உயரம் வேண்டும். அந்த ஊர்க் கணக்கில் 7 அடி, இன்றைய கணக்கில் 2.66 மீட்டர். இடமும் பராமரிப்புச் செலவும் வீட்டுக்காரருடையது. நடக்கும் உரிமை ஊருடையது. 13ஆம் நூற்றாண்டின் ஓக் மரத்தூண்கள் இன்றும் நிற்கும் ஆளோடி ஒன்று பெரிய கடைத்தெருவிலேயே இருக்கிறது.

தலைக்கு மேலே இருக்கும் இந்தக் கூரை என்னைப் போல் படிக்க வந்தவர்களுக்கு இடம் கொடுக்கப் போய் உண்டானது என்று அவள் எழுதும் இடத்தில்தான் கடிதம் வாய்ப்பாட்டை விட்டு வெளியே வருகிறது. முதல் மாதம் அவள் குடை வாங்கவில்லை. அடுத்த மாதம் ஊருக்கு வெளியே குன்றின் மேலிருக்கும் சான் லூக்கா கோயிலுக்கு மழையில் நடந்தே ஏறினாள். அதுவும் ஆளோடியில்தான். 666 வளைவுகள், நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எண்ணத் தொடங்கி இருநூறில் விட்டுவிட்டாளாம். அந்தக் கோயில் மாதா படத்தை ஆண்டுதோறும் மே மாத வாக்கில் ஊர்வலமாக நகருக்குள் கொண்டுவருகிறார்கள். 1433இல் விடாமல் பெய்த மழை, மாதா கீழே இறங்கி வந்ததும் நின்றது என்பது நம்பிக்கை. மழைக்காகக் கழுதைக்குக் கல்யாணம் செய்த நாட்டிலிருந்து போனவளுக்கு மழை நிற்பதற்கு ஒரு தெய்வம் என்பது வேடிக்கையாக இருந்திருக்கிறது.

ஊர் இப்படியென்றால் பல்கலைக்கழகம் இன்னும் வேடிக்கை. தொடங்கிய வருடம் 1088 என்று போடுகிறார்கள். எந்த ராஜாவும் அடிக்கல் நாட்டியதில்லை. வருடமே 19ஆம் நூற்றாண்டில் எண்ணூறாம் ஆண்டு விழா கொண்டாட வேண்டி, கவிஞர் கார்தூச்சி தலைமையிலான குழு ஒன்று முடிவு செய்தது. ரோமானியச் சட்டம் படிக்கப் பல தேசத்து இளைஞர்கள் வந்தார்கள். அந்நியர்கள், ஊரில் எந்த உரிமையும் கிடையாது. ஒரு ஜெர்மன் மாணவன் கடனை அடைக்காமல் ஓடிவிட்டால், அகப்பட்ட இன்னொரு ஜெர்மானியனைப் பிடித்து வசூலிக்கும் வழக்கம் இருந்தது. பேரரசர் ஃபிரெடெரிக் பார்பரோசா 12ஆம் நூற்றாண்டில் பிறப்பித்த ஆணை இதைத் தடுத்தது. கல்விக்காக ஊர்விட்டு ஊர் வருகிறவர்களுக்கு அது பாதுகாப்பளித்தது. மாணவர் விசாவுக்குக் கொள்ளுத்தாத்தா என்று அதைச் சொல்லலாம்.

மாணவர்கள் தற்காப்புக்காகத் தேசவாரியாகச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கத்துக்குத்தான் லத்தீனில் 'யுனிவர்சிதாஸ்' என்று பெயர். பேராசிரியர்களைச் சங்கம் சம்பளம் பேசி அமர்த்தியது. பாடத்தைத் தாமதமாகத் தொடங்கினால் அபராதம். மணி அடித்த பிறகும் இழுத்தால் அதற்கும் அபராதம். நாம் பல்கலைக்கழகம் என்று மொழிபெயர்த்தபோது பல கலைகளை நினைத்தோம். மூலச் சொல்லில் கலை எதுவும் இல்லை, கூட்டம்தான் இருக்கிறது. 'கழகம்' என்ற பிற்பாதி தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது. தமிழ்நாட்டில் அந்தப் பிற்பாதி எங்கெல்லாம் போனது என்பது தனிக் கதை.

பேராசிரியருக்கு அபராதம் போடும் உரிமை இன்று இல்லை. ஆனால் அந்தக் கெத்தின் மிச்சம் ஒன்று தேர்வு அறையில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இத்தாலியில் பெரும்பாலான தேர்வுகள் வாய்மொழித் தேர்வுகள். கேள்வித்தாள் கிடையாது, விடைத்தாள் கிடையாது. பேராசிரியருக்கு எதிரே நாற்காலியில் உட்கார வேண்டும். அவர் கேட்பார், நாம் சொல்ல வேண்டும், மற்ற மாணவர்கள் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். மொத்தம் 30 மதிப்பெண், 18 எடுத்தால் தேர்ச்சி. முடிவில் பேராசிரியர் ஒரு மதிப்பெண்ணைச் சொல்லி சம்மதமா என்று கேட்பார். வேண்டாம் என்று மாணவர் மறுக்கலாம். மறுத்துவிட்டு, அடுத்த முறை வந்து மறுபடி எழுதலாம், அதாவது பேசலாம்.

பதினைந்து வருடமாகக் கோடிட்ட தாளும் கூடுதல் தாள் கட்டும் நூலுமாகத் தேர்வெழுதி வந்த பெண்ணுக்கு இது எப்படி இருந்திருக்கும்! முதல் தேர்வில் 22 என்றார்களாம். ஒத்துக்கொள்ள வாயெடுத்தவள், பின்னால் இருந்த அறைத்தோழி தலையை ஆட்டுவதைப் பார்த்து, 'வேண்டாம்' என்றிருக்கிறாள். வாழ்க்கையில் ஒரு ஆசிரியரிடம் அவள் சொன்ன முதல் 'வேண்டாம்' அது. மூன்று வாரம் கழித்து மறுபடி உட்கார்ந்து 28 வாங்கினாள். இந்தப் பகுதியைக் கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். கோயில், கோபுரம் எல்லாவற்றையும்விட நீளம். எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

சாப்பாட்டை வேகமாகக் கடந்துவிடலாம். போலோனியாவுக்கு 'கொழுத்த ஊர்' என்று இத்தாலியிலேயே பட்டப்பெயர். தாலியாத்தெல்லே என்ற நாடா வடிவ மாவுப் பண்டம் வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972இல் வர்த்தகச் சபையில் தங்கத்தில் மாதிரி செய்து வைத்தவர்கள். அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்று அதற்குக் கணக்கும் உண்டு. இப்பேர்ப்பட்ட ஊரில் சைவச் சாப்பாட்டுக்காரி, பாலாடைக்கட்டி அடைத்த கொழுக்கட்டை போன்ற ஒன்றை வைத்து ஐந்து மாதம் ஓட்டியிருக்கிறாள். அதன் மேல் தூவும் பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது என்ற தகவலை டிசம்பரில் யாரோ சொன்னார்கள். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறாள். பாட்டிக்கான பிரதியில் இந்த வரியை நான் விட்டுவிட்டேன். மொழிபெயர்ப்பாளனுக்கும் மனிதாபிமானம் உண்டு.

பிரிவுக் கடிதங்களில் எப்போதும் சுருங்கிப்போகும் பகுதி வாடகை. அறை தேடி அவள் அலைந்த முதல் ஐந்து வாரம் கடிதத்தில் நான்கு வரிதான். அந்த நாட்களில் அவள் அம்மா என்னோடு போனில் பேசியது எனக்கு நினைவிருக்கிறது. அது நான்கு வரியில் அடங்கும் விஷயமல்ல. சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் அதிகம் கிடைக்கும் என்பதால் மாணவர்களுக்கு வீடு தருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். 2023 மே மாதம் மிலான் நகரத்தில் ஒரு மாணவி பல்கலைக்கழகத்துக்கு முன்னால் கூடாரம் போட்டுத் தங்கி வாடகைக்கு எதிராகப் போராடினார். கூடாரங்கள் போலோனியாவுக்கும் பரவின. 13ஆம் நூற்றாண்டில் மாடியை நீட்டி இடம் கொடுத்த ஊர் இப்போது அதே மாடியைப் பயணிக்கு விடுகிறது. குடியிருப்பு அனுமதி அட்டையும் இதே கதை. வந்த எட்டு வேலை நாளுக்குள் தபால் நிலையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அட்டை கைக்கு வருவதற்குள் ஒரு செமஸ்டர் மாணவரின் படிப்பே முடிந்துவிடுவதுண்டு. இவள் ஐந்து மாதமும் ரசீதைக் காட்டியே வாழ்ந்தாள்.

அறை கிடைத்தது ஒரு சிசிலித் தீவுப் பெண்ணோடு. போலோனியாவில் படிக்கும் தென் இத்தாலிய மாணவர்களையும் உள்ளூர்க்காரர்கள் 'வெளியூர் ஆள்' என்ற பொருள்படும் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டையே அதிகம் பார்க்காத புனேத் தமிழ்ப் பெண்ணுக்கு இது உடனே புரிந்திருக்கிறது. சொந்த நாட்டிலேயே 'எந்த ஊர்?' என்ற கேள்விக்கு இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டியவர்கள் இருவரும். கடைசி இரவு இருவரும் ஊர் நடுவே உள்ள பெரிய சதுக்கத்துக்குப் போனார்கள். அங்கே பழைய அரண்மனையின் கீழே நான்கு தூண்கள் தாங்கும் ஒரு வளைவு மண்டபம் இருக்கிறது. எதிரெதிர் மூலையில் இருவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு ஒருவர் கிசுகிசுத்தால், நடுவில் எத்தனை பேர் நடந்தாலும் அடுத்தவருக்குத் தெளிவாகக் கேட்கும். ஒலி வளைவிலேறிப் போய் எதிர்மூலையில் இறங்குகிறது. இரண்டு பெண்களும் மூலைக்கு ஒருவராக நின்று அரை மணி நேரம் சுவரோடு பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்பது கடிதத்தில் இல்லை. நானும் கேட்கவில்லை.

அசினெல்லி கோபுரத்தில் ஏறும் மாணவருக்குப் பட்டம் கிடைக்காது என்று போலோனியாவில் ஒரு மூடநம்பிக்கை. 97 மீட்டர் உயரம், 498 படி. பட்டம் வாங்கிய அன்றுதான் ஏறுவார்கள். ஒரு செமஸ்டர் மாணவருக்கு இழக்க அங்கே பட்டமே கிடையாது, தாராளமாக ஏறலாம். ஆனால் பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கரிசெண்டா கோபுரம், தாந்தே தன் 'நரக'த்தில் குறிப்பிடும் அதே கோபுரம், விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் 2023 அக்டோபரில் சுற்றிலும் அடைக்கப்பட்டது. அசினெல்லியில் ஏறுவதும் நின்றது. போலோனியாவில் படித்துவிட்டுப் பட்டம் வாங்காமல் போனவர்கள் வரிசையில் அவளுக்கு நல்ல துணை இருக்கிறது. கோப்பர்நிக்கஸ் 1496இல் வந்து நான்கு வருடம் சட்டம் படித்தார், இரவில் வானத்தைப் பார்த்தார், கிளம்பிப் போனார். பட்டம் வாங்கியது 1503இல் ஃபெர்ராராவில்.

தமிழ் படித்தவர்கள் போலோனியா என்றதும் நினைக்க வேண்டிய ஒருவர் உண்டு. வீரமாமுனிவர். காஸ்திலியோனே என்ற ஊரில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் பெஸ்கி, சேசு சபையில் சேர்ந்து ரவென்னாவிலும் போலோனியாவிலும் படித்தார். சான் லூக்கா ஆளோடியின் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. 1710இல் இந்தியா வந்தவர் தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார், திருக்குறளின் முதல் இரு பால்களையும் லத்தீனில் கொண்டுபோனார், 1747இல் இந்த மண்ணிலேயே இறந்தார். கிளம்பும்போதே திரும்ப முடியாது என்று தெரிந்து கிளம்புகிற பயணம். அதில் 'போய் வருகிறேன்' கிடையாது.

இன்று நம் பிள்ளைகள் பெரும்பாலோர் வெளிநாட்டுக்குப் படிக்கப் போவதும் கிட்டத்தட்ட இந்த ரகம்தான் என்று எனக்கு ஒரு எண்ணம். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன். படிப்பு முடிந்ததும் வேலை கிடைக்க வேண்டும், வேலை கிடைத்தால் விசா நீள வேண்டும், நீண்டால்தான் கடன் அடையும். அப்படிப் போகிறவர்களுக்கு ஊரை ரசிக்க நேரமில்லை. ஊர் அவர்களை வைத்துக்கொள்ளுமா என்பதே கவலை. இந்தப் பெண் அப்படிப் போகவில்லை. திரும்பும் தேதி டிக்கெட்டில் அச்சாகியிருந்தது. கடன் இல்லை, வேலை தேடவில்லை. இருபது வயதில் ஒரு அந்நிய ஊரில் எதையும் சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் ஐந்து மாதம் அந்நியளாக இருந்து பார்த்தாள். பாசமான பிரிவுக் கடிதம் எழுத அதுதான் மூலதனம். நம்மில் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது?

ஐரோப்பாவில் இதை ஒரு பெண்மணி போராடிக் கொண்டுவந்தார். சோஃபியா கொர்ராதி. ரோமில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர், 1957இல் உதவித்தொகை பெற்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய் முதுகலைப் பட்டத்தோடு திரும்பினார். அதைத் தன் படிப்பில் சேர்த்துக்கொள்ளச் சொன்னபோது ரோம் பல்கலைக்கழகத்தில் மறுத்துவிட்டார்கள். ஊர் சுற்றிவிட்டு வந்தவள் என்ற பார்வை. அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. 1969இலிருந்து அமைச்சர்களுக்கும் துணைவேந்தர்களுக்கும் எழுதி எழுதி, 1987இல் எராஸ்மஸ் திட்டம் பிறந்தது. முதல் வருடம் போனவர்கள் 3,244 மாணவர்கள். இதுவரை ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர். திட்டத்துக்குப் பெயர் கொடுத்த அறிஞர் எராஸ்மஸும் 1506இல் போலோனியாவுக்கு வந்து ஓராண்டு தங்கியவர்தான். 'எராஸ்மஸ் அம்மா' என்று அழைக்கப்பட்ட கொர்ராதி 2025 அக்டோபரில் காலமானார்.

கடிதத்தின் கடைசிப் பக்கம் போலோனியா ரயில் நிலையம். கண்ணீர் அங்கே வருகிறது, ஆனால் வாய்ப்பாட்டுக் கண்ணீர் அல்ல. நிலையத்தின் வெளிச்சுவரில் ஒரு கடிகாரம் 10.25இல் நிற்கிறது. 1980 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை, கோடை விடுமுறைக் கூட்டம். இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் பெட்டியில் வைத்த குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். நவபாசிசக் கும்பலைச் சேர்ந்தவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 37ஆம் எண் டவுன் பஸ்ஸை நிறுத்தி, ஜன்னல்களில் வெள்ளைத் துணி கட்டி, உடல்களை அதில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் விழுந்த பிளவை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அதே அறையில் இன்றும் பயணிகள் காத்திருக்கிறார்கள். பெயர்ப் பலகையில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வயது. தன் வயதுள்ளவர்களைத் தேடிப் படித்திருக்கிறாள். அவர்களும் எங்கேயோ போய்விட்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர்கள். ரயில் வந்தது, ஏறிவிட்டாள்.

கடிதம் அதோடு முடிந்தது. விவகாரம் முடியவில்லை. கிளம்புமுன் மாணவி, இங்குள்ள நிறுவனம், போலோனியா என்று மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அங்கே என்னென்ன பாடம் படிப்பாள், அவை இங்கே எந்தெந்தத் தாளுக்கு ஈடாகும் என்று வரிவரியாகப் போட்ட ஒப்பந்தம். 2020இன் தேசியக் கல்விக் கொள்கை வெளிநாட்டுப் பரிமாற்றத்தை வரவேற்கிறது. கிரெடிட்களைச் சேர்த்து வைக்க 2021இல் கல்வி வங்கியே தொடங்கினார்கள். ஆனால் மதிப்பெண் பட்டியலோடு அவள் போன அலுவலக ஜன்னலில் உட்கார்ந்திருந்தவருக்கு எளிமையான ஒரு சந்தேகம். 28 என்பது நூற்றுக்கு எவ்வளவு? முப்பதுக்கு என்று சொன்னதும் அடுத்த சந்தேகம். விடைத்தாள் நகல் எங்கே? வாய்மொழித் தேர்வுக்கு விடைத்தாள் இல்லை என்றாள். விடைத்தாள் இல்லாமல் மதிப்பெண் எப்படி வந்தது என்று அவர் கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, அது காலியாக இருக்கக் கூடாது.

கோப்பு கமிட்டிக்குப் போயிருக்கிறது. கமிட்டி எப்போது கூடும் என்று சொல்லவில்லை. அதுவரை பாதுகாப்பாக இருக்கட்டும் என்று, விட்டுப்போன இரண்டு தாள்களை மே மாதம் எழுதிவிடச் சொல்லியிருக்கிறார்கள். பணம் கட்டிவிட்டாள். ஒன்று நவீன இந்திய வரலாறு. மற்றது இடைக்கால ஐரோப்பா. பழைய கேள்வித்தாள்களைப் புரட்டியதில் ஐந்து மதிப்பெண் சிறுகுறிப்பாக 'போலோனியா பல்கலைக்கழகத்தின் தோற்றம்' இரண்டு முறை வந்திருக்கிறதாம். ஒன்றரைப் பக்கத்துக்கு மிகாமல் எழுத வேண்டும்.